பையைத் திறக்காமலே பேசும் கடவுச்சீட்டு

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று சுவிஸிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். வந்த இரவே கைப்பையைத் திறந்து, பொரித்த கோழியைச் சுற்றுவது போல வெள்ளி ஃபொயில் பேப்பரில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொருளை மேசையில் வைத்தார். பிரித்தால் உள்ளே அவருடைய சிவப்புக் கடவுச்சீட்டு.

"தம்பி, நீ கொம்பியூட்டர் படிப்பிக்கிற ஆள்தானே. இதைச் சுத்தி வைக்காட்டி, பக்கத்தில போறவன் காத்தாலையே எல்லாத்தையும் களவெடுத்திடுவானாம். உண்மையோ?"

அடுத்த நாள் கோயில் வீதியில் கச்சான் வாங்கினோம். சரையை விரித்துக் கச்சானை உடைத்துக்கொண்டிருந்தபோது கடதாசியில் ஒரு முகம் தெரிந்தது. யாரோ ஒரு அக்காவின் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி. ஒரு ஓரம் மை மங்கியிருந்தது. அதனால்தான் கடைக்காரர் அதைக் கழித்துப் போட்டிருக்க வேண்டும், அது பழைய பேப்பரோடு சேர்ந்து கச்சான் கடைக்கு வந்திருக்க வேண்டும். பெயர், இலக்கம், முகவரி எல்லாம் தெளிவாக வாசிக்க முடிந்தது. சித்தப்பா கவனிக்கவில்லை. ஃபொயில் சுற்றிய கடவுச்சீட்டு பத்திரமாகத்தான் இருக்கிறதா என்று இடுப்புப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு அன்றிரவு சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மன்னாரிலோ வெளிநாட்டில் உறவில்லாத வீட்டைக் காண்பது அரிது. அவர்கள் கொண்டுவரும் கடவுச்சீட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இப்போது சிப் இருக்கிறது. நோர்வேயும் ஜெர்மனியும் 2005 இல் தொடங்கின, பிரித்தானியாவும் பிரான்சும் 2006 இல். சுவிஸில் 2010 முதலும் கனடாவில் 2013 முதலும் புதிதாக எடுப்பவை எல்லாம் சிப் வைத்தவைதான். இந்தியாவும் 2024 இல் ஆரம்பித்துவிட்டது. அட்டையின் முன்பக்கத்தில் ஒரு சின்னச் செவ்வகம், அதன் நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் ஒரு கோடு என்று ஒரு குறி இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது என்று அர்த்தம்.

பற்றரி இல்லாமல் எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்கு வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். சுற்றுகிற வரைக்கும் றேடியோ பேசும். கை ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

டைனமோவுக்குள் நடப்பது என்ன? ஒரு காந்தம் சுழல்கிறது. அதை ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தமும் கம்பியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் போதும். கடவுச்சீட்டின் அட்டைக்குள்ளும், அல்லது படம் இருக்கும் தடித்த பக்கத்துக்குள்ளும், இதே மாதிரி ஒரு மெல்லிய கம்பிச் சுருள் ஒளிந்திருக்கிறது. அதன் ஒரு முனையில் நகத்தைவிடச் சிறிய சிப். விமான நிலையத்து வாசிப்பானுக்குள் இன்னொரு சுருள். அது வினாடிக்கு 13.56 மில்லியன் தடவை ஊசலாடும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கடவுச்சீட்டு அதற்குக் கிட்டப் போனவுடன் அதன் சுருளில் மின்சாரம் பிறந்து சிப் விழித்துக்கொள்கிறது. விலக்கினால் தூங்கிவிடுகிறது. இதனால்தான் பத்து வருடம் லாச்சிக்குள் கிடந்தாலும் அதற்குப் பற்றரி மாற்றத் தேவையில்லை.

பாதுகாப்புப் பிரச்சினையின் வேரும் இங்கேயே இருக்கிறது. பெடலைச் சுற்றுவது யார் என்று றேடியோவுக்குத் தெரியாது. யார் சுற்றினாலும் அது பாடும். சிப்பும் அப்படித்தான். எழுப்புவது குடிவரவு அதிகாரியா, பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவரா என்பது அதற்குத் தெரியாது. கடதாசியாக இருந்த காலத்தில் நீங்கள் பையிலிருந்து எடுத்து, விரித்து, நீட்டினால்தான் அது எதையாவது சொல்லும். உங்கள் கை சம்மதிக்க வேண்டும். சிப் வந்ததோடு அந்தக் கையின் சம்மதம் இடையிலிருந்து கழன்றுவிட்டது. மற்ற எல்லாப் பூட்டுகளும் அந்தச் சம்மதத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கான முயற்சிகள்தான்.

கையோடு செய்து பார்த்தது

சொல்லி விளங்கவைப்பதைவிடக் காட்டுவது நல்லது என்று, சித்தப்பாவின் சம்மதத்தோடு என் போனை எடுத்தேன். இப்போதைய போன்கள் பலவற்றில் என்.எஃப்.சி. (NFC) என்ற, கிட்ட வைத்தால் சிப்போடு பேசும் வசதி இருக்கிறது. அதுவும் இதே 13.56 அலைவரிசைதான். கடவுச்சீட்டு வாசிக்கும் செயலி ஒன்றைத் திறந்து, போனை மூடிய கடவுச்சீட்டின் மேல் வைத்தேன். ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். சிப் இருக்கிறது என்று தெரிந்தது, உள்ளே இருப்பது ஒன்றும் வரவில்லை.

"பாத்தியே, வரேல்லை!" என்றார் சித்தப்பா, நிம்மதியோடு.

பிறகு கடவுச்சீட்டைத் திறந்து, படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளுக்கு நேரே கமராவைப் பிடித்தேன். நடு நடுவே அம்புக்குறி அம்புக்குறியாக இருக்குமே, அந்த வரிகள். ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். கமரா அவற்றை வாசித்துக்கொண்டது. இப்போது மறுபடி போனை மேலே வைத்தேன். முதலில் இடம் பிடிபடவில்லை. மேலே, கீழே, பின்னட்டையில் என்று நகர்த்தி நகர்த்தி ஒரு இடத்தில் அசையாமல் பிடித்தபோது ஒரு கோடு மெல்ல ஓடத் தொடங்கியது. சில வினாடிகள். திரையில் சித்தப்பாவின் முகம் வந்தது, கடவுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைவிடத் தெளிவாக.

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு வரிதான் திறப்போ?"

ஆம், திறப்பு அதுதான்.

பூட்டும், பூட்டின் மேலேயே எழுதிய திறப்பும்

சிப் கடவுச்சீட்டுகளுக்கான விதிகளை ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுக்கிறது. அவர்களுடைய முதல் பூட்டின் யோசனை இப்படி: கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு இரகசியத் திறப்பு உண்டாக்கப்படும். மூன்றும் அந்த அடிவரிகளில் இருக்கின்றன. வாசிப்பான் அந்த வரியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், அப்போதுதான் சிப்போடு பேச முடியும். அதாவது உரியவர் எடுத்து, விரித்து, நீட்டியிருக்க வேண்டும். கையின் சம்மதம் திரும்ப வந்துவிடுகிறது.

இந்த யோசனையை மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல யோசனைதான். அமெரிக்கா முதலில் பூட்டே இல்லாமல் கடவுச்சீட்டு வெளியிடத் திட்டமிட்டு, 2005 இல் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2,335 கருத்துகள் வந்தன, அநேகமாக எல்லாமே எதிர்ப்பு. அதன் பிறகுதான் இந்தப் பூட்டைச் சேர்த்து, மூடியிருக்கும்போது அலை புகாதபடி அட்டைக்குள் உலோக வலையும் வைத்தார்கள். சாதாரண சனம் எழுதி அனுப்பிய கடிதங்களால் ஒரு வல்லரசின் கடவுச்சீட்டு மாறியது என்பது எனக்கு இன்றும் தெம்பு தருகிற விஷயம்.

ஆனால் திறப்பின் பலவீனமும் அதன் யோசனைக்குள்ளேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த திகதிக்கு 100 வருடம் என்று வைத்தால் 36,500 சாத்தியங்கள். காலாவதித் திகதிக்குப் பத்து வருடத்தில் 3,650. இலக்கம் ஒன்பது தானம் என்றால் 100 கோடி. மூன்றையும் பெருக்கினால் மிகப் பெரிய எண் வருகிறது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் உண்மையில் யாரும் அத்தனையையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஆளின் முகத்தைப் பார்த்தால் வயது ஏறத்தாழத் தெரியும். கடவுச்சீட்டு இலக்கங்கள் வரிசையாக ஓடினால், இலக்கத்தை வைத்து எப்போது எடுத்தது என்பதையும், அதிலிருந்து எப்போது முடிகிறது என்பதையும் ஊகிக்கலாம். நெதர்லாந்தில் இதுதான் நடந்தது. அங்கே ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், சிப்புக்கும் வாசிப்பானுக்கும் நடந்த உரையாடலைப் பதிவுசெய்து, அதன் பூட்டைச் சாதாரணக் கணினி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் உடைக்கலாம் என்று காட்டியது. 2006 இன் தொடக்கத்தில் இது வெளியே வந்தது.

நம் ஊருக்கு வருவோம். பிறந்த திகதி இங்கே இரகசியமே இல்லை. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு தானம் பிறந்த வருடம். அடுத்த மூன்று தானம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டவேண்டும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. ஆகவே 85561 என்று தொடங்கினால், 1985 மார்ச் 1 ஆம் திகதி பிறந்த பெண். 2016 இலிருந்து வந்த 12 தானப் புதிய இலக்கத்திலும் வருடம் நான்கு தானமாக மாறியதே தவிர, முறை அதேதான். கச்சான் சரையில் இருந்த அந்த அக்காவின் பிறந்தநாளை ஒரு நிமிடத்தில் நான் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். வங்கிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பிரதேச செயலகத்துக்கு, சிம் வாங்க என்று எத்தனை இடத்தில் அந்த இலக்கத்தை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கடவுச்சீட்டின் படப் பக்கத்தைக் கொப்பி எடுத்துக் கொடுத்தால், மூன்றில் ஒன்று அல்ல, மூன்றுமே ஒரே தாளில் போய்விடுகிறது. சித்தப்பா வந்த கிழமையில் மட்டும் தங்குமிடத்தில் ஒன்று, வாடகை மோட்டார்சைக்கிளுக்கு ஒன்று, காணி அலுவலுக்கு ஒன்று, பயண முகவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் என்று நாலு பேரிடம் கொடுத்துவிட்டார். ஃபொயிலுக்குள் பூட்டை வைத்துக்கொண்டு, திறப்பை நாலு பேருக்கு நறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

எவ்வளவு தூரத்திலிருந்து?

வீதியால் போகிறவன் இழுத்தெடுத்துவிடுவான் என்ற பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டைனமோவுக்கே திரும்பப் போகலாம். றேடியோவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றால் வயரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அது பேசத் தொடங்கிவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கும்.

தூங்கும் சிப்பை எழுப்புவது முதலாவது வகை. இது கஷ்டம். விதிப்படி ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் எட்டும். 2006 இல் இஸ்ரேலின் ரெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் மலிவான பாகங்களைக் கொண்டு செய்த கருவி 25 சென்ரிமீற்றர் வரை எட்டியது. தூரம் கூடக்கூடச் சுருளும் பெரிதாக வேண்டும், மின்சாரமும் அதிகமாக வேண்டும். அதனால் எட்டடி தள்ளி நிற்கும் ஒருவர் பொக்கற்றில் இருக்கும் போனால் உங்கள் கடவுச்சீட்டை எழுப்பமுடியாது. சனநெரிசலில் உரசிக்கொண்டு நிற்பவர் எழுப்பலாம். எழுப்பினாலும் திறப்பு இல்லாமல் உள்ளே போகமுடியாது.

ஒட்டுக்கேட்பது இரண்டாவது வகை. உண்மையான வாசிப்பான் ஏற்கெனவே சிப்பை எழுப்பிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அன்ரெனாவை ஒளித்துவைத்து அந்த உரையாடலைப் பதிவுசெய்வது. இது சில மீற்றர் தள்ளியும் முடியும். நெதர்லாந்தில் காட்டியது இதற்கான உடைப்புத்தான். ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும், வீட்டில் ஆறுதலாக இருந்து உடைக்கலாம். பிடிபடாமல் இதைச் செய்ய விமான நிலையக் கவுண்டருக்கு அருகில் ஏதாவது பொருத்த வேண்டும் என்பதுதான் தடை.

இன்னொன்று. "முப்பது அடியிலிருந்தே வாசித்துக் காட்டிவிட்டார்களே" என்று யாராவது காணொளி அனுப்பினால், அது பெரும்பாலும் வேறு வகை அட்டையாக இருக்கும். அமெரிக்காவில் கனடா, மெக்சிகோ தரை எல்லைகளைக் கடப்பதற்கென்று பர்சில் வைக்கிற மாதிரி ஒரு கடவுச்சீட்டு அட்டை கொடுக்கிறார்கள். வாகனத்திலிருந்து இறங்காமலே வாசிக்க வேண்டும் என்பதால், கடைகளில் பெட்டிகளை எண்ணப் பயன்படுத்தும் தூர அலைவரிசையை அதில் வைத்தார்கள். 2009 இல் ஓர் ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோ வீதிகளில் காரோட்டிக்கொண்டே அப்படியான அட்டைகளை வாசித்துக் காட்டினார். அதில் பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும்தான். ஆனாலும் ஒருவரை அடையாளம் வைத்துக்கொள்ள மாறாத ஓர் இலக்கம் போதும். மாட்டுக்குச் சுட்ட குறியில் சொந்தக்காரரின் முகவரியா இருக்கிறது? குறியைப் பார்த்தவுடன் எந்தப் பட்டி மாடு என்று ஊருக்கே தெரியுமே.

தலையாட்டி

அந்த மாதிரியான குறியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. பெயரும் படமும் களவுபோவதைவிட இது ஆழமான விஷயம்.

தலையாட்டி என்ற சொல்லை இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இராணுவத்தின் சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையில் நடக்கவிடுவார்கள். முகம் மூடிய ஒருவர் முன்னால் இருப்பார். அவர் எந்தப் பெயரையும் சொல்லமாட்டார், எந்த விவரமும் சொல்லமாட்டார். தலை மட்டும் ஒருமுறை ஆடும். ஆளைப் பிடித்துக்கொண்டு போக அது போதுமாக இருந்தது.

2010 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கடவுச்சீட்டுச் சிப்பில் கண்டுபிடித்ததும் அதே மாதிரியான ஒன்று. முறை எளிமையானது. ஒருவருடைய கடவுச்சீட்டு எங்கேயாவது உண்மையான வாசிப்பானோடு பேசும்போது, அந்தப் பூட்டிய செய்திகளில் ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதை உடைக்கவே தேவையில்லை, திறப்பும் தேவையில்லை. பிறகு ஒரு வாசலில் நின்று, அந்தச் செய்தியை வருகிற ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். எல்லாச் சிப்பும் "பிழை" என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது பழைய செய்தி. ஆனால் மற்றவர்களின் சிப் "இது என் திறப்பால் பூட்டியதே இல்லை" என்று முதல் படியிலேயே தள்ளிவிடும். உரியவரின் சிப் அந்தப் படியைத் தாண்டி, செய்தியைத் திறந்து பார்த்து, பழையது என்று கண்டு, அப்புறம்தான் தள்ளும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுகளில் இந்த இரண்டு மறுப்புக்கும் வெவ்வேறு பிழைக் குறியீடே வந்தது. பிரித்தானியாவும் ஜெர்மனியும் உட்பட மற்ற நாடுகளின் கடவுச்சீட்டுகளில் குறியீடு ஒன்றுதான், ஆனால் பதில் வர எடுத்த நேரம் கொஞ்சம் கூடியது. அந்த நேர வித்தியாசமே தலையாட்டல்.

ஒருவர் இந்த வாசலால் போனாரா, இந்தக் கூட்டத்துக்கு வந்தாரா, இந்த நினைவேந்தலில் நின்றாரா என்று, அவர் எதையும் எடுத்துக் காட்டாமலே அறிய இது போதும். எட்டும் தூரம் குறைவு, அதனால் வீதி வீதியாகச் செய்யமுடியாது. ஒடுங்கிய ஒரு வாசலில் செய்யலாம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற ஆட்களுக்கு ஒடுங்கிய வாசல் என்றால் என்ன என்று தெரியும். அன்றைக்கு ஐசியை, அடையாள அட்டையை, நாமாகத்தான் எடுத்து நீட்டினோம், நீட்டும்போது கை நடுங்கினாலும் எதை, யாரிடம், எப்போது கொடுக்கிறோம் என்றாவது தெரிந்திருந்தது. பைக்குள் இருந்தபடியே தலையாட்டும் ஒரு அட்டையிடம் அந்த அறிவும் நமக்கு மிஞ்சாது.

பிரதி எடுத்தால்?

சிப்பில் இருப்பதை வாசிக்க முடிந்தால் இன்னொரு வெற்றுச் சிப்பில் அப்படியே எழுதவும் முடியும். 2006 இல் ஜெர்மன் ஆய்வாளர் லூக்காஸ் குருன்வால்ட் லாஸ் வேகாஸ் மாநாடு ஒன்றில் இதைச் செய்து காட்டினார். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அப்படியே எடுத்த பிரதியில் பழைய ஆளின் படம்தானே இருக்கும். அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கும் ஒருவருக்குத்தான் அது உதவும்.

படத்தை மாற்றினால்? அதற்கு ஒரு காவல் உண்டு. கடவுச்சீட்டை வழங்கிய நாடு, சிப்பில் உள்ள தகவல் முழுவதற்கும் சேர்த்து ஒரு டிஜிட்டல் கையொப்பம் போட்டிருக்கும். அரக்கு முத்திரை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை பொருந்தாது. இது உண்மையிலேயே பலமான காவல், இன்றுவரை இதன் கணிதத்தை யாரும் உடைக்கவில்லை. பிரச்சினை எங்கே என்றால், வாசலில் நிற்பவர் முத்திரையைப் பார்க்க வேண்டும். பார்க்க அவரிடம் ஒவ்வொரு நாட்டின் மாதிரி முத்திரையும் இருக்க வேண்டும். 2008 இல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் இருந்த ஒரு தானியங்கி இயந்திரத்தில், 1977 இலேயே இறந்துபோன பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரும் படமும் வைத்துத் தாங்களே முத்திரை குத்திய சிப் ஒன்றை ஆய்வாளர்கள் வைத்தார்கள். இயந்திரம் ஏற்றுக்கொண்டு எல்விஸின் முகத்தைத் திரையில் காட்டியது. முத்திரை இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, யாருடைய முத்திரை என்று பார்க்கவில்லை. நாடுகள் தங்கள் மாதிரி முத்திரைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுக் கோப்பகம் 2007 இலேயே தொடங்கப்பட்டது, ஆனால் அதில் நாடுகள் சேர வருடங்கள் எடுத்தன.

பிரதியைத் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. சிப்புக்குள் வெளியே ஒருபோதும் வராத ஒரு இரகசியத்தைப் புதைத்து, வாசிப்பான் கேட்கும் புதிர்க் கேள்விக்கு அதை வைத்துப் பதில் சொல்லவைப்பது. பிரதிச் சிப்பிடம் அந்த இரகசியம் இருக்காது, தோற்றுவிடும்.

இப்போது நிலைமை என்ன?

பழைய பூட்டின் இடத்துக்குப் பேஸ் (PACE) என்ற புதிய பூட்டு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2014 இன் முடிவிலிருந்து அதைக் கட்டாயமாக்கின. 2018 இலிருந்து பழையதைக் கைவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளவும் நாடுகளுக்கு அனுமதி உண்டு. திறப்பு வார்த்தை இப்போதும் பக்கத்தில் அச்சிட்டதுதான், ஆனால் அதை வைத்து ஒவ்வொரு உரையாடலுக்கும் இருவரும் புதிதாக ஒரு பலமான திறப்பை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒட்டுக்கேட்டுப் பதிந்தவர் வீட்டில் இருந்து எவ்வளவு காலம் முயன்றாலும் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. இதை நான் மனதார நல்ல முன்னேற்றம் என்பேன். ஆனால் ஒரு கடவுச்சீட்டு பத்து வருடம் செல்லும் என்பதையும், பழைய வாசிப்பான்களுக்காகப் பல சிப்புகளில் இரண்டு பூட்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அப்புறம், படப் பக்கத்தின் கொப்பி ஒருவர் கையில் இருந்தால் இந்த இரண்டு பூட்டும் அவருக்குத் தடை இல்லை.

ஐரோப்பியக் கடவுச்சீட்டுகள் பலவற்றில் விரல் அடையாளமும் இருக்கும். அதற்கு மட்டும் தனியாக ஒரு கடுமையான பூட்டு. அந்த நாடு அனுமதி கொடுத்த வாசிப்பான் மட்டுமே அதைத் திறக்கலாம். என் போனால் சித்தப்பாவின் முகம்தான் வந்தது, விரல் வரவில்லை. அது நல்லதுதான். இலக்கம் களவுபோனால் புதிய இலக்கம் எடுக்கலாம், விரலுக்கு எங்கே போவது?

சரி, என்ன செய்யலாம்?

ஃபொயில் வேலை செய்யும். சித்தப்பாவின் கடவுச்சீட்டை மறுபடி ஃபொயிலில் சுற்றிவிட்டுப் போனை வைத்தேன், அந்தச் சின்ன அதிர்வுகூட வரவில்லை. உலோகம் காந்தப்புலத்தை மறித்துவிடும். ஆகவே அவர் செய்தது பிழை இல்லை. அவருடைய கவனம் போன இடம்தான் குறைவானது.

படப் பக்கத்தை யாராவது கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது போதுமா, கொப்பி வேண்டுமா என்று கேளுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொப்பியின் குறுக்கே "இன்ன தேவைக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதுங்கள், படத்தின் மேலும் எழுத்து ஓடட்டும். விசா, விமானச்சீட்டு போன்றவற்றுக்கு அடிவரிகள் தேவைப்படும். மோட்டார்சைக்கிள் வாடகைக்குத் தேவைப்படாது. அந்த இரண்டு வரியையும் ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துக் கொப்பி எடுங்கள். ஆனால் மேலே அச்சிட்ட இலக்கத்திலும் திகதிகளிலும் அதே விவரம் இருப்பதால், முடிந்தால் அவற்றில் ஒன்றையாவது மறையுங்கள். காலாவதித் திகதி வாடகைக் கடைக்கு எதற்கு?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அனுப்பியவர் போனிலும் கிடக்கும், பெற்றவர் போனிலும் கிடக்கும். போன் பழுதுபார்க்கக் கொடுக்கும் கடையிலும் திறந்து கிடக்கும். அலுவல் முடிந்தவுடன் அழிக்கச் சொல்லுங்கள், நீங்களும் அழியுங்கள்.

நான் செய்தது போலச் சிப்பை வாசிக்க ஆசைப்பட்டு, கண்ட கண்ட செயலியை இறக்காதீர்கள். திறப்பையும் பூட்டுக்குள் இருந்ததையும் சேர்த்து யாருக்கோ அனுப்புகிற செயலியாக அது இருக்கலாம். சிப்பைச் சுத்தியலால் தட்டிச் சாகடிப்பது, மைக்ரோவேவில் வைப்பது போன்ற யோசனைகள் இணையத்தில் உலவுகின்றன. வேண்டாம். வேண்டுமென்று சேதப்படுத்திய கடவுச்சீட்டோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று பதில் சொல்வது இதையெல்லாம்விடப் பெரிய கரைச்சல்.

நம்முடைய அட்டைகள் பற்றியும் ஒரு சொல். 2017 இலிருந்து கொடுக்கப்படும் பிளாஸ்ரிக் அடையாள அட்டையில் இருப்பது பார்கோட். அதைப் பார்த்தால்தான் வாசிக்கலாம், பைக்குள் இருந்தபடி அது பேசாது. அடுத்ததாக இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாளத் திட்டம் ஒன்று இலங்கையில் நடந்துகொண்டிருக்கிறது. அது எந்த வடிவில் வந்தாலும், கேட்க வேண்டிய கேள்விகள் இப்போதே தெரிந்தவைதான். நான் நீட்டாமல் அது பேசுமா? எழுப்பினால் ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணைச் சொல்லுமா, ஒரே எண்ணையா? என் விரலையும் முகத்தையும் யார் யார் திறக்கலாம், திறந்தால் எனக்குத் தெரியவருமா? 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். 2,335 கடிதங்கள் போதுமாக இருந்தன ஒரு நாட்டில்.

சித்தப்பா திரும்பிப் போவதற்கு முதல் நாள் காணி அலுவலுக்கு இன்னொரு கொப்பி தேவைப்பட்டது. பரந்தனில் ஒரு கடைக்குப் போனோம். முதல் கொப்பி கோணலாக வந்தது. கடைப் பெடியன் அதைக் கசக்கிக் கீழே இருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தான். சித்தப்பா காசைக் கொடுத்தார், மிச்சத்தை வாங்கினார், ஆனால் நகரவில்லை.

"தம்பி, அந்தப் பழுதான கொப்பியையும் தாரும்."

"அது பழுதுதானே ஐயா, காசு எடுக்கேல்லை."

"காசுக்கில்லை. தாரும்."

பெடியன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். சித்தப்பா அதை விரித்து, நாலாக மடித்து, ஃபொயிலைப் பிரித்து, கடவுச்சீட்டோடு சேர்த்து உள்ளே வைத்துச் சுற்றினார்.